தேசம்மாவின் எருவும் எழும்பிய தெருவும்

மழை வருமுன் ஒரு தார், மழை போனபின் அதன்மேல் ஒரு தார், எலெக்‌ஷன் வந்தால் ஒரு தார், பெரிய மனிதர் யாராவது அந்த வழியாகக் கல்யாணத்துக்குப் போகிறார் என்றால் அதற்கும் ஒரு தார் என்று, வெந்த தோசையை எடுக்காமலே அதன் தலையில் அடுத்த கரண்டி மாவை ஊற்றுகிற மாதிரி மெயின் ரோட்டில் ஊற்றிக்கொண்டே போனார்கள். அதனால் ரோடு மேலே மேலே போயிற்று, அதிலிருந்து பிரிகிற எங்கள் நாணலேரி மூன்றாம் குறுக்குத் தெரு எங்கேயும் போகாமல் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு கீழே கீழே போயிற்று. நான் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்த காலத்தில் எங்கள் ஸ்டாப்பில் இறங்கினால் நேராக வீட்டுக்கு நடக்கலாம். ரிட்டயர் ஆன காலத்தில் இறங்கினால் சறுக்கிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். நான் சொல்லப்போகிற வருஷத்திலோ, மெயின் ரோட்டோரம் நின்று ஒருவன் வெற்றிலைச் சாறு துப்பினால் அது எங்கள் மொட்டைமாடியில் காயப்போட்ட வடகத்தில் விழும். அவ்வளவு பள்ளம். பொய் என்று தோன்றினால் அந்த வடகத்தை வறுத்துத் தின்ற பஷீர் பாயைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளத்தில் குடியிருக்கிறவர்களுக்கு என்று ஒரு நடை உண்டு. மற்ற ஊர்க்காரன் வாசலில் காலைத் தூக்கி வைப்பான், நாங்கள் காலை இறக்கி வைப்போம். எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் சரி, மண்டப வாசலில் இல்லாத படியைக் காலால் தேடித் தடாலென்று தரையை மிதிக்கிறவன் எங்கள் தெருக்காரனாகத்தான் இருப்பான். மழைக்காலம் வந்தால் மெயின் ரோட்டுத் தண்ணீர் மொத்தமும் எங்களிடம் இறங்கும்; கேட்காமல் உள்ளே வந்து, அடுப்பை அணைத்து, கட்டிலுக்கு அடியில் படுத்து, கோபித்துக்கொள்ள முடியாத சொந்தக்காரன்போல் வாரக்கணக்கில் தங்கி, போகும்போது தான் நின்ற உயரத்துக்குச் சுவரில் ஒரு பழுப்புக் கோடு இழுத்துவிட்டுப் போகும்.

அந்த வருஷம் சித்திரை வெயிலில், மண்டல அலுவலகத்திலிருந்து உதவிப் பொறியாளர் திருஞானம் ஜீப்பில் வந்து, தெருமுனை மின்கம்பத்தில் ஒரு நோட்டீஸை ஒட்டினார். 'தாழ்வான பகுதி' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. வருகிற ஐப்பசி மழையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தால் இந்தத் தெரு மக்கள் வசிக்கத் தகுதியற்றது என்று அறிவிக்கப்படும். எல்லாரும் நகரத்துக்கு வெளியே, பஸ் போய்ச் சேருவதற்குள் கையிலிருக்கிற டிக்கெட் பழுத்துவிடுகிற தூரத்தில், அடுக்குமாடிக்குக் கொண்டுபோகப்படுவார்கள். காலியான இடத்தில் மெயின் ரோட்டுத் தண்ணீர் வந்து நிற்பதற்கு ஒரு குளம் வெட்டப்படும். தண்ணீருக்கு வீடு தரப்போகிறார்கள், எங்களுக்குத்தான் இல்லை.

நோட்டீஸைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த தேசம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். தேசம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறவள். ஆட்டோ ஓட்டுகிற ஏகாம்பரத்தின் பெண்டாட்டி. கல்யாணமாகி வந்த குடிசையை ஆற்றங்கரை என்று சொல்லி அகற்றினார்கள். அடுத்துப் போட்டதை ரயில்வே ஓரம் என்று சொல்லி அகற்றினார்கள். மூன்றாவதாக இந்தத் தெருவில் பட்டா வாங்கி, மாவு விற்று மாவு விற்று, செங்கல் செங்கலாகக் கட்டியதுதான் அந்த வீடு.

"சார், எங்களைப் பள்ளமாக்குனது உங்க ரோடு. அதைச் சொரண்டி எடுக்காம எங்களை ஏன் சார் சொரண்டி எடுக்குறீங்க?"

"ரோடு வேற டிபார்ட்மென்ட்மா" என்றார் பொறியாளர்.

"அப்ப எங்களைத் தூக்குறது?"

"அது நான்."

"ரெண்டு வாட்டி என்னைத் தூக்கிட்டாங்க சார். இன்னொரு வாட்டி என்னைத் தூக்கணும்னா, என் வூட்டோட சேர்த்துத் தூக்கணும். சொல்லிட்டேன்."

அவள் என்னவோ வாய்ப்பேச்சாகத்தான் சொன்னாள். மண் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது என்று யார் கண்டார்கள்?

அதே மாதத்தில் குப்பை வண்டி வருவது நின்றுபோயிற்று. டிரைவர் மெயின் ரோட்டில் வண்டியை நிறுத்தி, பாட்டை அலறவிட்டு, கீழே பார்த்துக் கத்துவான்: "இறங்கினா ஏற மாட்டேங்குது அக்கா! நீங்களே மேல கொண்டாங்க!" தேசம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாளியோடு மேடேறுவாள், அவள் தலை ரோட்டு மட்டத்துக்கு வரும்போது வண்டியின் பின்பக்கம் திருப்பத்தில் மறையும். ஒருநாள் மறைந்தது, மறுநாள் மறைந்தது, அதற்கும் மறுநாள் அவள் ரோட்டின் நடுவில் வாளியை ணங்கென்று வைத்துவிட்டு, பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டாள்: "இனிமே என் வூட்லேருந்து ஒரு வெங்காயத் தோலு கூட உனக்குக் கிடையாதுடா! நீ வந்து கால்ல விழுந்தாலும் கிடையாது!"

கோபத்தில் இப்படி யாரும் சொல்லலாம், சாயந்தரத்துக்குள் மறந்தும் போகலாம். தேசம்மா மறக்கவில்லை. விரிசல் விட்டுப்போன நீல டிரம் ஒன்றை எடுத்து, கம்பியைப் பழுக்கக் காய்ச்சிச் சுற்றிலும் ஓட்டை போட்டு, நாலு செங்கல்மேல் தூக்கி வைத்தாள். வெங்காயத் தோல், முருங்கைக் காம்பு, வாழைப்பழத் தோல், ஆறிப்போன டீத்தூள், தேங்காய் நார், முட்டை ஓடு எல்லாம் அதற்குள் போயிற்று. ஆரம்பத்தில் ஈரக் குப்பையாகவே கொட்டிக் கெடுத்தாள்; அது அழுகி எழுப்பிய நாற்றத்தில் என் மூக்கு இரண்டு நாள் வீட்டை விட்டு ஓடிப்போயிருந்தது. பிறகுதான் ஒரு அடுக்கு ஈரம் என்றால் ஒரு அடுக்கு காய்ந்த சருகு என்று பிடிபட்டது. ஏகாம்பரம் மெயின் ரோட்டு வாதுமை மரங்களுக்கு அடியில் சருகு வாரி மூட்டை மூட்டையாக ஆட்டோவில் கொண்டுவந்தான். சவாரி வந்தவர்கள் மூட்டைமேல் உட்கார்ந்து வந்தார்கள், மெத்தை மாதிரி இருக்கிறது என்றார்கள். மக்குவதற்குப் புளித்த மோர் தெளிக்கச் சொல்வார்கள். தேசம்மாவிடம் மோருக்கு வழியில்லை, விற்காமல் புளித்த மாவுதான் இருந்தது. அதைக் கரைத்துத் தெளித்தாள். காரணம் கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்: சாதாரண மாவு புளித்தால் பொங்கும்.

தெரு சும்மா இருக்குமா? குடியிருப்போர் சங்கத் தலைவர் தயாளன் டிரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"தேசம்மா, உள்ள புழு நெளியுது."

"நெளியட்டும். உங்க சங்கத்துல ஒருத்தராவது நெளியுறாரா? இதுங்களாவது வேலை பாக்குது."

"உன் நகத்தைப் பாரு, கரி அள்ளுனவ மாதிரி. இந்தக் கையாலயா மாவு அள்ளிப் போடுற?"

"மாவுக்குக் கரண்டி வெச்சிக்கீறேன். உனக்கு மட்டும் வேணும்னா கையால போடறேன்."

நகக்கண்ணில் அந்தக் கருப்பு ஏறியதும் உண்மைதான். சோப்புப் போட்டாலும் புளி போட்டுத் தேய்த்தாலும், பத்து விரலிலும் பத்துப் பிறைபோல் அது அப்படியே நின்றது.

எங்கள் மண் மண்ணே இல்லை என்பதையும் சொல்லவேண்டும். முன்பு இங்கே இருந்த ஏரியைத் தூர்த்தபோது கொட்டிய இடித்த சுவர், உடைந்த கக்கூஸ் பீங்கான், சிமென்ட் கட்டி, இவற்றின் மேல்தான் நாங்கள் வீடு கட்டியிருந்தோம். தேசம்மா நட்ட செம்பருத்திக் குச்சிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் செத்தன. ஆடி மாதம் அவள் டிரம்முக்குள் கையை விட்டபோது, ஈரக்குப்பை சருகு எதுவும் அடையாளம் தெரியாமல், கருகருவென்று, பொலபொலவென்று, முதல் மழை விழுந்த மாதிரி வாசனையோடு எரு வந்தது. அதைச் சலித்து, செத்த செம்பருத்திக்கு ஒரு கூடை போட்டாள். மிச்சத்தை வீட்டுச் சுவரின் காலடியில் சுற்றிலும் பரப்பித் தண்ணீர் தெளித்தாள். வீட்டுக்கும் கொஞ்சம் சாப்பிடக் கொடுக்கலாமே என்று தோன்றியதாம்.

ஆடி முடியுமுன் ஒரு பகல் முழுக்க மழை அடித்தது. தண்ணீர் வழக்கம்போல் சரிவில் இறங்கி வந்து, தயாளன் வீட்டுக்குள் போயிற்று, பஷீர் பாய் வீட்டுக்குள் போய்த் தையல் மெஷினின் காலைக் கழுவிற்று, என் வீட்டுக்குள் வந்து என் செருப்பை இழுத்துக்கொண்டு போயிற்று. தேசம்மா வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றது. கொஞ்சநேரம் நிலைப்படியைத் தட்டிப் பார்த்தது. பிறகு, கதவு திறக்காத வீட்டில் காத்திருந்து சலித்த வசூல்காரன்போல் திரும்பிப் போய்விட்டது.

சாயந்தரம் வீடு திரும்பிய ஏகாம்பரம், பழக்கப்படி காலை இறக்கி வைத்தான். கால் வாசல் விளிம்பில் இடித்து, குப்புற அடுக்களைக்குள் விழுந்தான்.

"யாரு படி கட்டுனது?"

"யாரும் கட்டல. வூடு எழுந்துக்கிச்சு."

"ஓ" என்றான் ஏகாம்பரம். "சோறு போடு."

மறுநாள் காலை தெருவே வந்து பார்த்தது. வீடு ஒரு சாண் எழும்பியிருந்தது; அடியில் கருப்பாக, மெத்தென்று, ரொட்டியைப்போல் மண் உப்பியிருந்தது. பக்கத்தில் செம்பருத்தி பூத்திருந்தது. யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, யாரும் டிவிக்காரனைக் கூப்பிடவில்லை. பஷீர் பாய் மட்டும் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "விரிசல் இல்லாம தூக்கியிருக்கு தேசம்மா. ஜாக்கி வெச்சுத் தூக்குற கம்பெனிக்காரன்கூட இவ்வளவு நேரா தூக்க மாட்டான்" என்றார். அதற்குள் பெண்கள் பாத்திரத்தோடு வரிசையில் நின்றுவிட்டார்கள்.

உறைமோர் வாங்குகிற மாதிரிதான் எருவும் வாங்கினார்கள். ஒரு கைப்பிடி போதும். அதைப் புது டிரம்மில் போட்டுவிட்டால், மாதக்கணக்கில் மக்க வேண்டியது வெள்ளிக்கு வெள்ளி மக்கியது. உறைமோருக்கு இருந்த சட்டமெல்லாம் இதற்கும் வந்து சேர்ந்தது: விளக்கு வைத்தபிறகு எரு கொடுக்கக்கூடாது, கேட்டு வருகிறவள் வெறும் பாத்திரத்தை நீட்டக்கூடாது, ஒரு வெங்காயத் தோலாவது அதில் கிடக்க வேண்டும், சண்டைபோட்ட வீட்டில் கேட்கக்கூடாது, கேட்டால் அவர்கள் மறுக்கக்கூடாது. இதையெல்லாம் யார் போட்டார்கள் என்று தெரியாது. ஆவணி மாதம் கேட்டால், ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று சொன்னார்கள்.

வீடுகள் எழும்பின. எல்லாம் ஒரே மாதிரி எழும்பவில்லை, அந்தந்த அடுக்களையின் குணப்படி எழும்பின. பஷீர் பாய் மகள் கல்யாணத்துக்கு உரித்த வெங்காயத் தோலிலும் புதினாக் காம்பிலும் அவர் வீடு ஒரே மூச்சில் ஒரு முழம் ஏறி, தோரணம் கட்டிய கம்பங்கள் கீழே நின்றுவிட்டன. மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டை ஏணியில் ஏற்றிக் கொடுத்தார்கள், அதுவும் ஒரு வழக்கம்போல என்று நினைத்துக்கொண்டார்கள். பிரம்மச்சாரிச் சமையல் செய்கிற என் வீடு டீத்தூளிலேயே ஏறியது; ஏறும்போது கொஞ்சம் துள்ளும். கடைசி வீட்டில் ஒரு மகா கஞ்சர். பீர்க்கங்காய்த் தோலைத் துவையலாக்கி, வாழைக்காய்த் தோலைப் பொரியலாக்கி, எலுமிச்சைத் தோலில் பாத்திரம் கழுவுகிறவர். அவர் வீட்டில் டிரம்முக்குப் போட ஒன்றுமில்லாததால் வீடு அசையவே இல்லை. பள்ளத்தில் தனியாகக் கிடக்கப் பயந்து ஒருநாள் அவரே முழுப் பூசணிக்காய் வாங்கி வந்தார். அன்றைக்கு அவர் மனைவி பூசணித் தோலைச் சதையோடு தாராளமாகச் சீவி, தூரத்திலிருந்து குறிபார்த்து டிரம்முக்குள் எறிந்தாள், அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை.

சலித்ததில் மிஞ்சிய சக்கையைத் தெருவில் கொட்டினோம், தெருவும் எழும்பியது. தண்ணீர்க் குழாய்க்கு ரப்பர் டியூப் சொருகி நீட்டிக்கொண்டோம். கேபிள்காரன் மாதத்துக்கொருமுறை வந்து ஒயரைத் தளர்த்திக் கொடுத்தான். வருஷக்கணக்காகச் செருப்பையும் டயரையும் மட்டுமே காட்டிய எங்கள் ஜன்னல்கள், முதலில் ரோட்டில் போகிறவர்களின் இடுப்பைக் காட்டின, பிறகு முகத்தைக் காட்டின, பிறகு தலையின் வழுக்கையைக் காட்டின. புரட்டாசியில் அவை வானத்தைக் காட்டியபோது, இதற்கு இவ்வளவு நீலம் எதற்கு என்று நான் திரையைப் போட்டுவிட்டேன்.

தயாளனுக்கு மட்டும் அவசரம். தலைவர் வீடுதான் தெருவில் உயரமாக இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி. டிரம் சீக்கிரம் நிறையட்டும் என்று, மேலே நாலு கொத்தமல்லிக் காம்பைத் தூவி, அடியில் பால் கவர், ஷாம்பு பாக்கெட், குர்குரே பை எல்லாவற்றையும் திணித்தார். வீடு எழும்பத்தான் எழும்பியது, ஒரு பக்கம் மட்டும். தட்டில் போட்ட சோறு கிழக்கே போயிற்று, குழம்பு அதற்கு முன்னாலேயே போயிற்று. கட்டில் அவரையும் அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு மெதுவாக வாசலைப் பார்த்து நகர்ந்தது. காலையில் தெருவே சுற்றிநின்று பார்க்க, தயாளன் சுவரோரம் மண்டிபோட்டு, எருவுக்குள் கைவிட்டு, ஒவ்வொரு கவராக உருவி எடுத்தார்.

"அதோ அந்த மூலையில ஒண்ணு கீது பாருங்க தலைவரே" என்று தேசம்மா மொட்டைமாடியிலிருந்து காட்டிக்கொடுத்தாள். "ஒரு லிட்டர் கவரு. கொழுப்பெடுத்த பாலு."

கடைசிக் கவர் வெளியே வந்ததும் வீடு ஒரு பெருமூச்சு விட்டு நேராக உட்கார்ந்தது. அன்றிலிருந்து பிளாஸ்டிக் விஷயத்தில் தயாளனைவிடக் கண்டிப்பான ஆள் தெருவில் கிடையாது; மதம் மாறியவர்போல் ஆகிவிட்டார். நகக்கண்ணில் பத்துப் பிறையும் அவருக்கு வந்துவிட்டது.

புரட்டாசி கடைசியில் பொறியாளர் திருஞானம் டேப்பும் ஆட்களுமாக அளக்க வந்தார். பள்ளத்தைத் தேடி மெயின் ரோட்டில் இரண்டு தரம் போய்வந்தது ஜீப். கடைசியில் நோட்டீஸ் ஒட்டிய மின்கம்பத்தை வைத்து அடையாளம் கண்டுபிடித்தார். கம்பம் ரோட்டுக்குச் சொந்தமானது, எழும்பவில்லை. தெரு அதன் பக்கத்தில் ரோட்டுக்குமேல் ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது.

"எந்த ஜாக்கி கம்பெனி?" என்றார், அண்ணாந்து பார்த்து.

"மாவு கம்பெனி சார்" என்றாள் தேசம்மா.

டிரம்மைக் காட்டினார்கள். கையை விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அவர் விடவில்லை. கையிலிருந்த காகிதங்களைப் புரட்டி, அதில் தாழ்வான பகுதிக்கு மட்டுமே வழி எழுதியிருப்பதைப் பார்த்து, கொஞ்சம் யோசித்தார்.

"அனுமதி இல்லாம உயரத்தைக் கூட்டியிருக்கீங்க. இதுவும் குற்றம்தான். காலி பண்ண வேண்டியிருக்கும்."

தேசம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை, அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

"ஆத்தோரம் இருந்தா ஆறுன்னீங்க. ரயிலோரம் இருந்தா ரயிலுன்னீங்க. தாழ்ந்து கெடந்தா ஏரின்னீங்க. இப்ப ஒசந்தா மலைன்னு சொல்லுவீங்க போலக்கீது. எந்த ஒசரத்துல இருந்தா சார் அது வூடு? அதை மட்டும் சொல்லுங்க, அங்க நிறுத்திக்கறேன்."

பொறியாளர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். மறுநாள் குப்பை வண்டியை அனுப்பினார்.

எத்தனையோ காலம் கூப்பிட்டும் வராத அதே வண்டி, பாட்டு இல்லாமல், போலீஸோடு வந்தது. எடுத்த எடுப்பில் ஏற முடியாமல் உறுமி, பின்னாலிருந்து ஆட்கள் தள்ள, தெருவுக்குள் வந்தது. ஒரு வீடு விடாமல் டிரம்மைத் தூக்கினார்கள். தயாளன் தன் டிரம்மைக் கட்டிக்கொண்டார், கையைப் பிரித்தெடுத்தார்கள். வாசலில் பரப்பியிருந்ததைக்கூட வாரிக்கொண்டு, தரையைப் பெருக்கிக்கொண்டு போனார்கள். டிரைவர் தேசம்மா பக்கம் பார்க்காமலே வண்டியைத் திருப்பினான். டிரம்களை மண்டல அலுவலகத்தின் பின்பக்கம் அடுக்கினார்கள் என்று கேள்விப்பட்டோம்.

அன்றிலிருந்து வீடுகள் இறங்க ஆரம்பித்தன. ஜன்னலில் வானம் போய் வழுக்கை வந்தது, வழுக்கை போய் முகம் வந்தது. குழந்தைகள் தூங்கும்போது ஒரு சின்ன விக்கலோடு தரை இறங்கும். வடக்கே மேகம் கருத்துக்கொண்டே வந்தது, வானொலியில் புயல் என்றார்கள். புது டிரம் வாங்கிக் குப்பையைப் போட்டோம். அது வெறும் குப்பையாகவே கிடந்தது, உறை இல்லாத பாலைப்போல் எதற்கும் அசையவில்லை. ஒரு கைப்பிடி பழைய எரு வேண்டும், தெருவில் ஒரு கைப்பிடி இல்லை. தயாளன் மூட்டை கட்டலாமா என்று முதல்முறையாகத் தாழ்ந்த குரலில் கேட்டார். பட்டாவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்திருந்த ஏகாம்பரம், அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தேசம்மாவைப் பார்த்தான்.

தேசம்மா இட்லி அவித்துக்கொண்டிருந்தாள். துணியில் ஒட்டிய இட்லியைப் பிய்த்து எடுக்கும்போது, தன் கையையே பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

"டிரம்மைத் தூக்கினானுங்க, தரையைப் பெருக்கினானுங்க" என்றாள். "என் நகத்தைப் பெருக்கினானா?"

தலைப்பின்னலிலிருந்து ஹேர்பின்னை உருவி, புது டிரம்மின்மேல் கையை நீட்டி, கட்டைவிரல் நகத்தின் அடியிலிருந்து அந்தக் கருப்புப் பிறையைச் சுரண்டி உள்ளே போட்டாள். ஒரு குடம் பாலை ஒரு சொட்டு மோர் உறையவைக்கும் என்பதை எங்கள் தெருப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரவர் வாசலில் உட்கார்ந்து, ஹேர்பின்னால், தீக்குச்சியால், மூக்குத்தித் திருகால், ஆணும் பெண்ணும் நகம் சுரண்டி, அந்த ஒரே டிரம்மில் கொண்டுவந்து போட்டோம். பஷீர் பாய் தையல் ஊசியால் சுரண்டினார். தயாளன் தன் பத்து விரலையும் தட்டு நிறைய லட்டுபோல் எல்லார் முன்னாலும் நீட்டிக்கொண்டு நின்றார். அத்தனைக்கும் மேலே காய்ந்த அடுக்குக்குச் சருகு போதவில்லை. மின்கம்பத்து நோட்டீஸின் நகல் வீட்டுக்கு வீடும் வந்திருந்தது; ஏகாம்பரம் போய் அதையெல்லாம் வாங்கிவந்து, சுக்குநூறாகக் கிழித்துப் போட்டான். அரசாங்கக் காகிதம் நன்றாக மக்கும். உள்ளே எதுவும் கெட்டியாக இருக்காது. கடைசியாக தேசம்மா புளித்த மாவைக் கரைத்து ஊற்றி, மூடியைப் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"எழுந்திரு" என்றாள். டிரம்மிடம் சொன்னாளா, தெருவிடம் சொன்னாளா, எங்களிடம் சொன்னாளா, தெரியாது. எல்லாரும்தான் எழுந்தோம்.

புயல் வந்தது. மழை என்றால், கயிறு கயிறாகத் தொங்கியது. பிடித்துக்கொண்டு வானத்துக்கு ஏறலாம், நான் கொஞ்சதூரம் ஏறிப் பார்த்தேன், வழுக்கியது. அந்த மழைக்கு நடுவே, அலம்பிய அரிசி ஊறிப் பெருக்கிற மாதிரி, சத்தமில்லாமல் தெரு மொத்தமும் மேலே வந்தது. முன்பு வீடு வீடாக எழும்பியது. இந்தத் தடவை எல்லார் நகத்து எருவும் ஒரே டிரம்மில் கலந்துவிட்டதால் யார் வீடு உயரம் யார் வீடு தாழ்வு என்று இல்லாமல் ஒன்றாக வந்தது. தண்ணீர் எங்களைத் தேடி வழக்கமான இடத்துக்கு வந்து, வழியைக் காணாமல், வேறு போக்கிடமில்லாமல் மெயின் ரோட்டிலேயே படுத்துக்கொண்டது. தார்மேல் தார்மேல் தார் போட்ட ரோடு. தலையைத் தூக்க அதற்கு ஒரு அடுக்களை உண்டா, ஒரு வெங்காயத் தோல் உண்டா?

காலி செய்யவைக்க வந்த ஜீப் அந்த ரோட்டில் நின்றுபோயிற்று. முதலில் இன்ஜின் இருமியது, பிறகு லைட் அணைந்தது, பிறகு பொறியாளர் திருஞானம் இறங்கினார்; முழங்கால், தொடை, இடுப்பு என்று தண்ணீர் அவரை அளந்துகொண்டே வந்தது. மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்தார். அவர் தோளுக்குப் பக்கத்தில் அவர் ஒட்டிய நோட்டீஸ், கொட்டை எழுத்தில், நனைந்து, முன்னைவிடத் தெளிவாக இருந்தது.

மேலே எங்கள் தெருவின் விளிம்பில் எல்லாரும் வரிசையாக நின்றோம். யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான்.

"சார்!" என்று கத்தினார் தயாளன். "உங்க ஆபீஸ் ஒரு பக்கமா சாஞ்சிருக்காமே, ஃபைலெல்லாம் ஜன்னல் வழியா போகுதாமே! எங்க டிரம்முல உங்க ஆளுங்க டீ கப்பும் பரோட்டா கவரும் போட்டிருப்பாங்க சார்! ஒவ்வொண்ணா கையால எடுக்கணும், நான் வந்து காட்டறேன்!"

பொறியாளர் அண்ணாந்து பார்த்தார். தேசம்மா விளிம்பில் குந்தி உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்குள் செருகிக்கொண்டு, ஒரு கையால் ஏகாம்பரத்தின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையைக் கீழே நீட்டினாள். மழையிலும் கரையாத கருப்பு அவள் நகத்தில் மறுபடி ஏறியிருந்தது.

"கையைக் குடுங்க சார்" என்றாள். "ஏறி வாங்க. தாழ்வான பகுதியில நிக்காதீங்க."

அவர் கையைக் கொடுத்தார். மேலே வந்தவரைத் துடைத்து, தயாளனின் வேட்டி ஒன்றைக் கட்டவைத்து, வாழையிலையில் சுடச்சுட இட்லி போட்டாள். சாப்பிட்டு முடித்து இலையை எங்கே போடுவது என்று அவர் பார்த்தபோது, டிரம்மின் மூடியை அவளே திறந்து பிடித்தாள். கொஞ்சம் தயங்கிப் போட்டார். காலடியில் தரை இலேசாக அசைந்ததை உணர்ந்தாரா என்று கேட்டேன். அவர் உட்கார்ந்திருந்த பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் எங்களைத் தேடி நோட்டீஸ் எதுவும் வரவில்லை. அந்தப் பழைய நோட்டீஸை மட்டும் யாரும் கிழிக்கவில்லை. அது சரியான இடத்தில்தானே இருக்கிறது.

இப்போது குப்பை வண்டி தினமும் வருகிறது. ஏற முடியாமல் கீழே மெயின் ரோட்டிலேயே நிற்கும். டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டு, கழுத்து வலிக்க அண்ணாந்து கத்துவான்: "அக்கா! ஆபீஸ்ல கேக்குறாங்க அக்கா! ரோட்டுக்குப் போடணுமாம், ஒரே ஒரு கைப்பிடி! உங்க கால்ல வேணா விழறேன் அக்கா!"

"விழுடா" என்பாள் தேசம்மா, செம்பருத்தி பறித்துக்கொண்டே. "விழுந்துட்டு, முதல்ல அந்தத் தாரைச் சொரண்டச் சொல்லு. அப்புறமா வெறுங்கையோட வராம, உன் வூட்டு வெங்காயத் தோலோட வா. விளக்கு வெக்கறதுக்குள்ள வா."

நீங்களும் வரலாம். பஸ்ஸில் நாணலேரி என்று கேட்டு இறங்கினால் போதும், தலையைத் தூக்கினால் தெரிவோம். வாசலில் மட்டும் கவனம். மற்ற ஊரில் எப்படியோ, எங்கள் தெருவில் காலைத் தூக்கி வைக்க வேண்டும்.